பசித்த தண்ணீர்

போன வாரம் கூடத்தில் நடந்த சண்டை அடுத்த தெருவரைக்கும் கேட்டது. அதனால் அதை மறுபடி முழுசாகச் சொல்ல வேண்டியதில்லை. கூடத்து மீன் தொட்டிக்குள் மாமனார் பிஸ்கட்டைப் பொடித்துப் போட்டார், சின்ன மகன் பார்த்துவிட்டான், விஷயம் அவ்வளவுதான். ஆனால் சின்னவன் கடைசியாகச் சொன்னது மட்டும் சுவரில் அடித்த ஆணி மாதிரி அந்த வீட்டில் நின்றுவிட்டது.

"இனிமே எந்தத் தண்ணியிலயாவது உங்க கை பட்டுச்சுன்னா நான் தனியாப் போயிடுவேன். மாடி வீடு ஒண்ணு பார்த்தே வச்சிருக்கேன்."

"சரிப்பா, கை வைக்கல," என்று மாமனார் உடனே சொல்லிவிட்டார்.

அந்த 'உடனே'தான் மருமகளுக்கு உறுத்தியது. அவளும் துணிக்கடைக்காரர் மகள். தொட்டிலில் கிடந்தபோதே பேரம் காதில் விழுந்து வளர்ந்தவள். பேரம் பேசியே காலம் தள்ளிய மனிதர் முதல் விலைக்கே தலையாட்டினால், ஒன்று அவருக்குச் சரக்கு வேண்டாம், இல்லையென்றால் பின்வாசல் வழியாக வேறு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். எது என்று அன்றைக்கு அவள் யோசித்திருக்கலாம். அடுப்பில் பால் பொங்கியது. யோசனை அதோடு போயிற்று.

மாமனார் கடைவீதியில் தாமிரப் பாத்திரம் விற்றவர். முட்டி ஒத்துழைக்காமல் கடையை மூடிய பிறகும் கடைவீதியில் அவருக்குத் 'தாமிரம்' என்றுதான் பெயர். பக்கத்துப் பட்டறையின் சுத்தியல் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. இப்போது ஜன்னலோரம் நாற்காலி போட்டு, தெருவில் வண்டிக்காரர்களிடம் நடக்கும் பேரங்களுக்கு நடுவராக இருக்கிறார். அந்த வீட்டில் மருமகளிடம் வேடிக்கையாகப் பேசுகிற ஆள் அவர் ஒருவர்தான். அவள் கணவன், அவருடைய மூத்த மகன், சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். பேச்சுத் துணைக்கு ஆகமாட்டான்.

அவருடைய கடைக்கு என்று ஒரு பெருமை இருந்தது. விற்ற பாத்திரத்தில் குறை என்று யார் தூக்கிக்கொண்டு வந்தாலும், என்ன குறை என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்வார். வாங்கிய பிறகுதான் பேச்சு. கைநீட்டி வாங்கிவிட்டால் தப்பு கடையுடையது, அதில் மறுபேச்சுக் கிடையாது. சின்னவன் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்ததே அந்தக் கல்லாவுக்கு அடியில்தான்.

அந்தச் சின்னவனும் அவன் அண்ணியும் இப்போது சேர்ந்து ஒரு தொழில் செய்கிறார்கள். அலுவலகங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும், தரை முழுக்கப் பச்சைச் செடி முளைத்த கண்ணாடித் தொட்டிகள் வைத்துப் பராமரிப்பது. கல்லும் கட்டையும் அடுக்குவது, செடி நடுவது, கத்தரிப்பதெல்லாம் அவன். தண்ணீர் அவளுடையது.

தண்ணீர் என்றால் குழாயைத் திறந்து பிடிப்பதில்லை. அந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் கல். கெட்டிலின் அடியில் சுண்ணாம்பு மாதிரி படியும். அதை மட்டும் ஊற்றினால் நல்ல செடிகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். மழைத் தண்ணீர் அதற்கு நேர் எதிர், ஒன்றுமே இல்லாத வெறும் தண்ணீர். இரண்டையும் பக்குவமாகக் கலந்து, கரைந்த உப்பை அளக்கும், பேனா மாதிரி இருக்கும் மீட்டரை உள்ளே விட்டுப் பார்த்து, எண் சரியாக வந்த பிறகு பழைய தண்ணீரில் ஒரு பங்கை எடுத்துவிட்டு இதை மெதுவாக ஊற்ற வேண்டும். மொட்டைமாடிக் கூரையிலிருந்து குழாய் இறக்கி, முதல் மழையைத் தூசியோடு போகவிட்டு, அடுத்த மழையை நீல டிரம்மில் பிடித்து வைப்பாள். "மழைத் தண்ணி பசியோட இருக்கும் அண்ணி. எதைத் தொட்டாலும் கொஞ்சம் தின்னுட்டு வரும்," என்று ஆரம்பத்தில் சின்னவன் சொல்லிக் கொடுத்திருந்தான். அதனால் குழாய் பிளாஸ்டிக், கூரை பிளாஸ்டிக், டிரம் பிளாஸ்டிக்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் செய்ததெல்லாம் யாரோ ஒருவர் செய்ய வேண்டிய வேலை. இந்தத் தண்ணீர் ஒன்றுதான் அவளே கற்றுக்கொண்டு அவள் பெயரில் நடந்த வேலை. மீட்டரைக் கைப்பையில் வைத்திருப்பாள். கடைக்குப் போகும்போதுகூட அது உள்ளே இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பாள்.

இன்று காலை அவள் தலைவாரிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

பல் டாக்டரம்மாவின் போன். அவரது காத்திருப்பு அறையில்தான் இவர்களுடைய பெரிய தொட்டி இருக்கிறது. பல் பிடுங்க வந்த குழந்தைகள் அழுகையை மறந்து, செடிகளுக்குள் ஓடும் சிவப்பு இறால்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள். டாக்டரம்மாவே ஒருமுறை, மரத்துப்போகிற ஊசியை விட இந்த இறால்களுக்குத்தான் வேலை அதிகம் என்று சொல்லிச் சிரித்திருந்தார். இப்போது அவர் குரலில் அந்தச் சிரிப்பு இல்லை. இறால்கள் எல்லாம் படுத்துக் கிடக்கின்றன என்றார்.

இவள் போய்ச் சேர்ந்தபோது சின்னவன் அங்கே ஏற்கெனவே முட்டியிட்டு உட்கார்ந்திருந்தான்.

செடிகள் ஜோராக இருந்தன. மீன்கள் ஒன்றும் நடக்காதது போல நீந்தின. இறால்கள் மட்டும் மணல்மேல் பக்கவாட்டில் கிடந்தன, யாரோ சிவப்பு நூலைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்ட மாதிரி. சில இன்னும் காலை அசைத்தன. நத்தைகள் ஓட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டன. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், மீன் தூங்கினால் இப்படித்தான் இருக்குமா என்று பஞ்சோடு கேட்டார். 

சின்னவன் மீட்டரை வாங்கித் தொட்டிக்குள் விட்டான். எண் சரியாகவே இருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு மூச்சு வந்தது. அவனுக்கு முகம் இறுகியது. கலவை சரி என்றால் வேறு எதுவோ தண்ணீரோடு வந்திருக்கிறது. முந்தாநாள் தண்ணீர் மாற்றியது அவள்.

"எந்த வாளியில கொண்டுவந்தீங்க அண்ணி?"

"நம்ம சிவப்பு வாளிதான்."

"துணி ஊறவைக்கிற வாளியும் சிவப்புதானே?"

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. சோப்பு ஒரு சொட்டு இருந்தாலும் போதும் என்றான். வீட்டு வேலையும் இதையும் ஒரே கையால் செய்தால் ஒருநாள் இப்படி ஆகும் என்று தனக்கு முன்பே பயம் இருந்தது என்றான். இதையெல்லாம் டாக்டரம்மாவுக்கும் அந்தப் பஞ்சுப் பெரியவருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னான்.

டாக்டரம்மா நல்ல மனுஷி. பிழைத்ததைக் காப்பாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டார். பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டால் மிச்சம் பிழைக்கும் என்று சின்னவன் உறுதி சொன்னான். வீட்டு டிரம்மில் மழைத் தண்ணீர் நிறைய இருக்கிறது, கேன்களில் நிரப்பிக்கொண்டு மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னான்.

வாசலில் செருப்பு மாட்டும்போது இன்னொன்றும் சொன்னான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"இனிமே தண்ணி வேலையை வண்ணமீன் கடை வச்சிருக்கானே என் ஃப்ரெண்டு, அவன் பார்த்துக்கட்டும். நீங்க கஷ்டப்பட வேண்டாம்."

ஒருத்தியை வேலையிலிருந்து நீக்குவதற்கு இவ்வளவு மரியாதையான வாக்கியம் உலகத்தில் இன்னொன்று இருக்காது.

அவன் கேன்கள் எடுக்க நண்பனின் கடைக்குப் போனான். அவள் பஸ் ஏறினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முந்தாநாள் செய்ததை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். வாளியை எடுத்தது ஞாபகம் இருந்தது. கலக்கியது, மீட்டரைப் பார்த்தது, எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் எந்த வாளி என்று மனசு ஒருமுறை கேட்டதும் சிவப்பு சிவப்பாக இரண்டு வாளி கண்முன் வந்து நின்றன. செய்யாத தப்பைப் பலமாகச் சொன்னால், செய்தவர் மாதிரியே வியர்க்கத்தான் செய்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மாமனாரிடம்கூடப் பேசாமல் பின்கட்டுக்குப் போனாள். துணி வாளி குளியலறையில் இருந்தது, கைப்பிடி உடைந்து கயிறு கட்டிய வாளி. தொட்டி வாளி படிக்கட்டுக்கு அடியில், அவளே தைத்த துணி உறைக்குள் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை. உறையின் சுருக்குக் கயிற்றில் அவள் எப்போதும் போடுகிற முடிச்சே இருந்தது. கயிறு கட்டிய கைப்பிடியைப் பிடித்துத் தூக்கியிருந்தால் கை சொல்லியிருக்கும். தப்பு செய்தது தான் இல்லை.

அப்படியானால் தண்ணீர்தான்.

மொட்டைமாடிக்கு ஏறினாள். டிரம்மின் மூடியைக் கழற்றினாள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. பக்கத்தில் குனிந்ததும் விளிம்பில் ஒரு வெள்ளைக் கயிறு தெரிந்தது. பிடித்து இழுத்தாள். கனமாக வந்தது.

ஒரு சொம்பு. நன்றாகத் தேய்த்து மெருகேற்றிய தாமிரச் சொம்பு. வயிறு பளபளத்தது, தண்ணீரில் கிடந்ததால் கழுத்துப் பக்கம் மங்கல் ஏறியிருந்தது. அடியில் மாமனாருடைய கடை முத்திரை.

அவளுக்கு இரண்டு காரியம் ஒன்றாக நடந்தன. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்திலேயே வேறொன்று ஏறி உட்கார்ந்தது.

இறால் தொட்டிப் பக்கம் தாமிரம் வரவே கூடாது. இந்தத் தொழிலில் சின்னவன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். மீனுக்குப் போடும் மருந்தில்கூடத் தாமிரம் இருந்தால் தூக்கி எறிந்துவிடுவான். மனுஷனுக்கு நல்லது, மீன் தாங்கும், செடி தின்னும், இறாலும் நத்தையும் மட்டும் போய்விடும். மீட்டருக்கும் தெரியாது, அது மொத்தமாக எண்ணுமே தவிர, எது என்ன என்று பிரித்துச் சொல்லாது. பசியோடு இருக்கிற தண்ணீருக்குள் இப்படிப் பெரிய விருந்தை இறக்கி வைத்தால் அது சும்மாவா இருக்கும்.

சின்னவன் இந்தத் தண்ணீரைத்தான் கேன் கேனாகக் கொண்டுபோய், உயிர் ஊசலாடுகிற மிச்ச இறால்கள்மேல் ஊற்றப் போகிறான்.

சொம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கீழே வந்தாள்.

மாமனார் ஜன்னலோரத்தில் இருந்தார். வெளியே ஒரு பெண் வண்டிக்காரனிடம் முலாம்பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் நடந்து காட்டினால் அவனே கூப்பிடுவான், இவளுக்குப் பொறுமை போதாது என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு மருமகள் முகத்தைப் பார்த்தார். அவள் சொம்பை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"மாமா, இது மாடியில இருந்தது."

அவர் அவளைப் பார்க்கவில்லை, சொம்பைப் பார்த்தார். "கனத்தைப் பாரு. இந்தக் கனத்துல இப்ப எவனும் அடிக்கிறதில்ல. கடையை மூடும்போது இது ஒண்ணை மட்டும் விக்காம எடுத்து வச்சேன்."

"தண்ணில கை வைக்க மாட்டேன்னு சொன்னீங்களே."

"கை எங்கம்மா வச்சேன்? சொம்பைத்தான் வச்சேன். கயிறு கட்டி இறக்கினேன், விரல்கூட நனையல."

ஒப்பந்தத்தில் ஓட்டை தேடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதைச் சொல்லும்போது கண்ணில் பழைய கடைச் சிரிப்புக்கூட வந்தது. வேறொரு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

சண்டைக்கு மறுநாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மாடிக்கு ஏறினாராம். டிரம் மூடி சரியாக மூடாமல் கிடந்ததாம். உள்ளே கொசுப்புழு நெளிந்ததாம். டாக்டரம்மாவிடம் போகிற தண்ணீர் இப்படியா என்று மனசு கேட்கவில்லை. தாமிரத்தில் ஊற்றி வைத்த தண்ணீர் கெடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லி விற்ற மனிதர் தன் பிள்ளைகளின் தண்ணீருக்கு அதைச் செய்யாமல் இருப்பாரா. சொன்னால் சின்னவன் கத்துவான் என்று சொல்லவில்லை. நன்றாகத் தேய்த்துத்தான் போட்டேன் என்றார், சொம்பு சுத்தமா என்பதுதான் சந்தேகம் என்பது போல.

அவள் ஆஸ்பத்திரியில் பார்த்ததைச் சொன்னாள். மந்தக் காதுப் பக்கம் நின்றிருந்ததால் ஒருமுறை சொன்னதை மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முறை சொல்வது கஷ்டமாக இருந்தது.

"தாமிரத்தாலயா?" என்றார்.

"ஆமா மாமா."

அவர் கை தானாகப் போய்ச் சொம்பின் கழுத்தைத் தொட்டது. வெளியே முலாம்பழக்காரன் கூப்பிட்டுவிட்டான். அந்தப் பெண் திரும்பி வந்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு அவர் பேசியது வேறு குரலில். பேரம் பேசுகிற குரல். அவளுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும், அவள் அப்பாவிடமும் அது இருந்தது. அவன்கிட்ட சொல்ல வேண்டாம் என்றார். அந்தத் தண்ணீரைக் கவிழ்த்துவிடு, சொம்பை நான் எடுத்து வைத்துவிடுகிறேன், மூடி சரியில்லாமல் குப்பை விழுந்துவிட்டது என்று சொல்லிவிடு என்றார்.

"உன்னை என்ன பண்ணிடுவான்? நாலு வார்த்தை சொல்லுவான், அவ்வளவுதான். அண்ணிங்கற மரியாதை இருக்கு. நான்னு தெரிஞ்சா அவன் போயிடுவாம்மா. பெரியவன் கப்பல்ல இருக்கான். இவனும் போயிட்டா இந்த வீட்ல நான் யாருக்கு அப்பா?"

"என்னை வேலையிலேர்ந்து எடுத்தாச்சு மாமா. காலையிலயே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் வருத்தம் வந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். அந்த வருத்தத்துக்குப் பின்னாலேயே கணக்கு வந்ததையும் பார்த்தாள்.

"கோபம் ஆறட்டும். நானே பக்குவமாச் சொல்லி உன்னை மறுபடியும் சேர்க்க வைக்கிறேன்."

"நீங்க சொன்னா தம்பி கேப்பாரா?"



கோபம் வரவில்லை அவளுக்கு. வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். இந்த வீட்டில் தனக்காகப் பேசுகிற ஒரே ஆள், தன்னை இந்த விலைக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்பதை விழுங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அவர் பயப்படுவதும் பொய்யில்லை. சின்னவன் சொன்னதைச் செய்கிறவன்.

"நான் உங்களைக் காட்டிக் கொடுக்க மாட்டேன் மாமா," என்றாள். "ஆனா நான்தான் வச்சேன்னும் சொல்ல மாட்டேன். நடுவுல இருக்கிறது உங்க பாடு."

சொம்பை எடுத்துக்கொண்டு படியேறினாள். பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

டிரம்மின் குழாயில் கை வைத்தாள். திறந்துவிட்டால் தீர்ந்தது. சின்னவன் வந்து வெறும் டிரம்மைப் பார்ப்பான், இவள் மேல் இன்னொரு தப்பு எழுதுவான், தண்ணீர் மட்டும் தொட்டிக்குப் போகாது. இறாலுக்கு அது போதும். தனக்குப் போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே கீழே வண்டி நின்றது.

சின்னவன் இரண்டு கையிலும் காலிக் கேன்களோடு இரண்டிரண்டு படியாக ஏறி வந்தான். அவள் டிரம்முக்கு முன்னால் நின்றாள்.

"இந்தத் தண்ணி வேண்டாம் தம்பி. இதுல காப்பர் இறங்கியிருக்கு."

அவன் சிரித்தான். சந்தோஷத்தில் வருகிற சிரிப்பு இல்லை அது. குழாய் பிளாஸ்டிக், கூரை பிளாஸ்டிக், இதில் காப்பர் எங்கிருந்து வரும் என்று கேட்டான். அவள் கயிற்றோடு சொம்பை நீட்டினாள். அவன் கேன்களைக் கீழே வைத்தான். சொம்பை வாங்கிக் கண்ணுக்கு மேல் தூக்கிப் பிடித்தான். அடியில் முத்திரையைப் பார்த்தான். அந்த முத்திரை அந்த வீட்டின் எல்லாப் பாத்திரத்திலும் இருக்கிறது, அதனால் அது ஒன்றையும் சொல்லவில்லை.

"உங்க கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த செட்ல இதே மாதிரி ஒண்ணு இருந்ததுல்ல?"

 இருந்தது. அலமாரியில் இப்போதும் இருக்கிறது. சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் இது யாருடையது என்பதுதான்.

படியில் மூச்சு வாங்குகிற சத்தம் வந்தது. மாமனார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்து, மேல்படியில் நின்றார்.  அவர் வருவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"அப்பா, இதை டிரம்முல யார் வச்சதுன்னு தெரியுமா?"

மாமனார் சொம்பைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார்.  கல்லாவில் உட்கார்ந்து எத்தனையோ பேரை மடக்கிய நாக்கு, ஒரு வார்த்தைக்காக அங்கேயும் இங்கேயும் அலைந்தது.

"வீடுன்னா பாத்திரம் இடம் மாறுறது சகஜம்தானேப்பா," என்றார்.

பொய் என்று சொல்ல முடியாது. தராசில் கட்டைவிரலை லேசாக வைத்துக்கொள்வது மாதிரி. சின்னவனுக்கு அது போதுமாக இருந்தது.

அவன் அண்ணியைத் திட்டவில்லை. களைத்துப்போனவன் மாதிரிப் பேசினான். வாளி என்று நினைத்தேன், வாளிகூட இல்லை, சொம்பு என்றான். மொண்டு குளித்தீர்களா, செடிக்கு ஊற்றினீர்களா, எதற்கு என்றுகூட நான் கேட்கவில்லை என்றான். கையை நீட்டினான்.

"மீட்டரைக் குடுங்க அண்ணி."

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் விரல்கள் பைக்குள் போய் ஒருமுறை அதைத் தேடின.

மாமனார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சின்னவன் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டாள். கயிற்றை அவிழ்த்தாள். உள்ளே இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது, கொட்டவில்லை. நேராக மேல்படிக்குப் போனாள். கடையில் வாடிக்கையாளர் எந்தத் தூரத்தில் நிற்பாரோ அந்தத் தூரத்தில் நின்றாள். குரலில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை.

"மாமா, இந்தச் சரக்குல ஒரு குறை இருக்கு. திரும்ப எடுத்துக்குவீங்களா?"

மாடியில் காற்றுகூட அசையவில்லை. மேற்கே மறுபடியும் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. மாமனார் கைப்பிடிச் சுவரைப் பிடித்த பிடியை விடவில்லை. ஒரு கணம் அவர் திரும்பிப் படியிறங்கிவிடுவார் என்றே அவளுக்குத் தோன்றியது.

பிறகு சுவரிலிருந்து ஒரு கை வந்தது. இன்னொரு கையும் வந்தது. பிடிமானம் இல்லாமல் நின்ற முட்டி ஆடியது. இரண்டு கையையும் நீட்டிச் சொம்பை வாங்கிக்கொண்டார். ஓரத்தில் வழிந்த தண்ணீர் அவர் விரல்களை நனைத்து, மணிக்கட்டில் ஓடி, சட்டைக் கைக்குள் போயிற்று. அவர் துடைக்கவில்லை.

கல்லாவுக்கு அடியில் வளர்ந்த பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சின்னவன் அப்பாவின் நனைந்த கைகளைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான்.  கையில் இருந்த மீட்டரை அவளிடம் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, பையில் போட்டுக்கொள்ளவும் இல்லை. டிரம்மின் மூடிமேல் வைத்தான். கேன்களை எடுக்காமலே படியிறங்கினான். அப்பாவைக் கடக்கும்போது மட்டும், அவர் விழுந்துவிடாதபடி முழங்கையைப் பிடித்துச் சுவரோரமாக நிறுத்திவிட்டுப் போனான். பாசத்திலும் அப்படிச் செய்வார்கள், வழியை மறிக்கிற சாமானை நகர்த்தும்போதும் அப்படித்தான் செய்வார்கள்.

அவள் குழாயைத் திறந்துவிட்டாள். இத்தனை மழைக்குக் காத்திருந்து பிடித்த தண்ணீர் தளத்தில் பரவி வடிகாலை நோக்கி ஓடியது. குழாய்த் தண்ணீரையே கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டவிட்டால் மிச்ச இறால்களில் சிலதாவது தேறும், கல் தண்ணீர்தான், ஆனால் விஷம் இல்லை. அதைச் சின்னவனிடம் சொல்ல வேண்டும். தான் சொல்லலாமா, அந்த வேலை இன்னும் தன்னுடையதுதானா என்று தெரியவில்லை. மூடிமேல் கிடந்த மீட்டரை எடுக்கக் கை போனது. எடுக்காமல் திரும்பியது.

மாமனார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சொம்பு மடியில் இருந்தது.

"நான் கேட்ட விலைக்கு நீ படியலயே," என்றார். குறையாகச் சொன்னாரா, மெச்சிக்கொண்டாரா என்று தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

கீழே வாசலில் சின்னவன் போனில் பேசுகிற சத்தம் கேட்டது. அவளுக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. அந்த மாடி வீடு இன்னும் காலியாகத்தானே இருக்கிறது என்று கேட்டான். இந்த வாரமே வந்தால் பரவாயில்லையா என்று கேட்டான்.

மாமனார் நல்ல காதைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பினார். தண்ணீர் ஓடுகிற சத்தம் அவருக்கும் அந்தப் பேச்சுக்கும் நடுவில் நின்றது.

"யார்கிட்டம்மா பேசறான்?"

அவள் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டரம்மாகிட்ட மாமா. இறாலைப் பத்தி."

அன்றைக்கு அவளும் குறையுள்ள ஒரு சரக்கை விற்றாள். அவர் அதை எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்.